ட்ரங்க்கால் ரேடியோ வாங்கிய வாரம்

என் நாத்தனாரின் காது எப்படிப்பட்டது என்றால், நான்கு தெரு தள்ளி ஒருத்தி பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கண்ணயர்ந்தால், அது பொங்குவதற்கு முன்னால் இவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் எழுந்து உட்காருவாள். நான்கு தெரு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பவும் நெருக்கிப் பிடித்தால் பக்கத்து வீடு. அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

வீட்டில் அவளுக்குப் பெயர் ட்ரங்க்கால். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பத்தொன்பது வயதில் இரட்டைப் பின்னலோடு போய் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தவள், ஐம்பது வயதில் நரைத்த கொண்டையோடு இறங்கினாள். நடுவில் கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தது, கணவரை இழந்தது, அண்ணன் வீடு என்று எங்கள் மாடிக்குக் குடிவந்தது எல்லாமே ஷிப்ட் மாறும் இடைவெளிகளில் நடந்து முடிந்தவை.

ஒருமுறை அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனபோது அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். நீளமான அறை. பதினாறு ஸ்டூல்கள், பதினாறு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் எதிரே ஒரு பலகை, பலகை முழுக்கத் துளைகள், துளைக்கு மேலே பொட்டளவு விளக்கு. விளக்கு எரிந்தால் பித்தளை முனை வைத்த கயிற்றை இழுத்து அந்தத் துளையில் செருக வேண்டும். தலைக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. அதன் நுனியில் இடது காதுக்கு மட்டும் ரப்பர் கிண்ணம். வலது கை டிக்கெட் எழுதுவதற்கு. யார் கூப்பிட்டார், எந்த ஊர், எத்தனை நிமிடம். எழுதாத நேரத்தில் அந்த வலது உள்ளங்கை போய் வலது காதை மூடிக்கொள்ளும், பக்கத்து ஸ்டூல்காரியின் சத்தம் உள்ளே வராமலிருக்க. பதினாறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதைச் சந்தை என்று சொன்னால் சந்தை கோபித்துக்கொள்ளும். பதினாறு பேரும் கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எல்லோருக்கும் ஒரே நாளில் பல்வலி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டப்பாவை வாசல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பல்வலிக் கூட்டத்தில் இவள்தான் ராணி. எதிர்முனையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர் இழுக்கும் மூச்சை வைத்தே யார் என்று சொல்வாள். மர வியாபாரி ஒருவர் தினமும் கூப்பிடுவாராம். ஒருநாள் அவர் மூச்சு இழுத்ததும், "சார், நீங்க முதல்ல டாக்டரப் பாருங்க. வியாபாரத்த நாளைக்குப் பேசிக்கலாம்" என்று கயிற்றைப் பிடுங்கிவிட்டாள். அவருக்கு நிமோனியா. பிழைத்து எழுந்து வந்து எக்ஸ்சேஞ்சு வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். புயலில் பாதிக் கம்பிகள் அறுந்து கிடந்த ஒரு நாள், பிரசவ வலியில் இருந்த ஒருத்திக்காக, பதினொரு எக்ஸ்சேஞ்சைச் சுற்றி வளைத்து ஒரு டாக்டரைப் பிடித்துக் கொடுத்தாள். இவளைக் கேட்டால் ஏழு என்பாள். அது தன்னடக்கம்.

ஓய்வு பெற்று நாலைந்து வருடம் கழித்துத்தான் அந்த விஷயம் ஆரம்பித்தது.

அவள் மகள் ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். முன்பெல்லாம் தாயும் மகளும் பேச ஆரம்பித்தால் நான் சமைத்து முடித்துவிட்டு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவேன். கொஞ்ச நாளாக, "ம்… சரி… அப்படியா… அத்தைகிட்ட குடுக்கறேன்" என்று இரண்டு மூச்சில் முடித்து என் கையில் திணித்துவிடுகிறாள். அந்தச் சமயம் பார்த்து மகள் கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வானொலி நிலையத்தில் வானிலை வாசிக்கச் சேர்ந்தாள். தினமும் மத்தியானம் ஒன்று பத்துக்கு, ஐந்தே நிமிடம்.

"அம்மாவுக்கு எம்மேல கோவமா அத்தை?" என்று கேட்டாள்.

"உங்கம்மாவுக்குக் கோவம் வந்தா பாத்திரம் பேசும். வீடு அமைதியாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்கறாங்க? வேலைய விட்டது பிடிக்கலன்னா நேரா திட்டட்டும். நாளைக்கு விட்டு அடுத்த திங்கக்கெழம முதல் தடவ வாசிக்கிறேன். கேக்கச் சொல்லுங்க. கேட்டுட்டு நல்லா இல்லன்னு சொன்னாக்கூடப் போதும்."

போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். ட்ரங்க்கால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்ணு அழறா. என்ன பெரிய மகாராணி நீ, பெத்த பொண்ணோட பேச மாட்டியா?"

அவள் ஒரு போர்வையை இரண்டு தடவை உதறிவிட்டுச் சொன்னாள். "கேக்கல அண்ணி. கம்பியில வர்ற குரல் எனக்குக் கேக்கல. ஒரு வருஷமாச்சு."

"இப்ப நான் பேசறது கேக்குதா?"

"நீங்க பேசறது அடுத்த தெருவுக்கே கேக்கும். மனுஷங்க நேர்ல பேசினா கேக்குது. போனை வெச்சா தண்ணிக்குள்ள யாரோ பேசற மாதிரி இருக்கு. உங்க வீட்டு ரேடியோவும் அப்படித்தான். காதோட ஒட்டி வெச்சுக் கேட்டாலும் ஒன்னும் புரியல."

காது டாக்டரிடம் போகலாம் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை அப்படியே மடித்து வைத்தேன். ஓட்டப்பந்தயக்காரியை ஊன்றுகோல் கடைக்குக் கூப்பிட்டதுபோல இருந்திருக்கும். அவளுக்கென்று ஒரு சித்தாந்தம் வைத்திருந்தாள்: கோளாறு கருவிகளில்தான். இப்போது வரும் போனும் ரேடியோவும் மூக்கால் பேசுகின்றன. எக்ஸ்சேஞ்சு ஓய்வறையில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதன் குரல் நெஞ்சிலிருந்து வரும். அப்படி ஒன்று கிடைத்தால் கேட்டுவிடும்.

அதிலும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்து விற்கும் வால்வுக்காரரின் கடை, சைக்கிள் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே ஒரு சந்துக்குள் இருந்தது. மனிதர் கொடி மாதிரி ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் கம்பி உடைந்த இடத்தில் ஈயம் பற்றவைத்திருந்தார். கடைக்குப் பின்பாதியில் அவர் மனைவி, கையால் சுற்றும் சின்ன இயந்திரத்தில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. இயந்திரத்தில் சுற்று எண்ணும் மீட்டர் கெட்டுப்போய் வெகுநாளாயிற்றாம்; அந்த அம்மாள் வாய்க்குள்ளேயே எண்ணுவார். ஆயிரத்துச் சொச்சம் சுற்று. அதனால் கடைக்குள் நுழைபவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: அவரிடம் யாரும் பேசக்கூடாது.

"மூணு இருக்கு," என்றார் வால்வுக்காரர். "மூணும் ஒரே கம்பெனி. அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு ஏ, அறுபத்திரண்டு பி. ஒரு வயித்துப் பிள்ளைங்க. பாத்தா வித்தியாசமே தெரியாது. கேட்டாத்தான் தெரியும்."

உண்மைதான். மேஜைமேல் வரிசையாக மூன்று மரப்பெட்டிகள், தேன் நிறத்தில். மூன்றுக்கும் மழுங்கிய தோள், முன்னால் சணல் நிறத் துணி, துணிக்குக் கீழே நீளக் கண்ணாடி, இரு பக்கமும் தந்த நிறக் குமிழ்கள். அவர் வித்தியாசங்களைக் காட்டிக் கொடுத்தார். மூத்ததில் ஐந்து வால்வு, ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர், கனமான பலகை. நடுவில் இருந்ததில் ஆறு வால்வு, கண்ணாடிக்கு மேலே ஒரு பச்சைக் கண். ஸ்டேஷன் சரியாக விழுந்தால் அந்தக் கண் சுருங்கும். கடைசிப் பெட்டியில் அதே ஆறு வால்வு, ஆனால் ஸ்பீக்கர் இரண்டு, அழுத்துவதற்குப் பியானோக் கட்டைகள் மாதிரி ஐந்து பொத்தான்.

மூன்றையும் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அரை நிமிஷம் ஆகும்மா. தூங்கி எழுந்திரிக்க வேண்டாமா."

பின்பக்கம் வரச்சொல்லிக் காட்டினார். துளைகள் போட்ட அட்டைக்குப் பின்னால் வால்வு என்கிற கண்ணாடிக் குழல்கள் ஒவ்வொன்றாகச் சிவக்க ஆரம்பித்தன. முதலில் சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி ஒரு புள்ளி. பிறகு செம்மஞ்சள். ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு குட்டி ஏணி, ஒரு குட்டி வேலி, ஒரு மேல்மாடி. அந்தி நேரத்தில் மலைமேலிருந்து ஓர் ஊரைப் பார்த்தால் வீட்டுக்கு வீடு விளக்கேற்றுவது தெரியுமே, அப்படி இருந்தது. காய்ந்த தூசியும் வார்னிஷும் சூடாகிற மணம். முன்பக்கம் கண்ணாடியில் வெளிச்சம் பரவி, நான் போகாத, போகவும் போகாத ஊர்களின் பெயர்கள் வரிசையாக எழுந்து நின்றன. அப்புறம், எங்கோ ஆழத்திலிருந்து படியேறி வருவதுபோல ஒரு குரல் வந்தது. எனக்குக் கை கூப்பலாம் போலிருந்தது. படித்தவள் என்பதால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் போன நேரம் ஒன்று பத்துக்குச் சரியாக இருந்தது. ட்ரங்க்கால் வேண்டுமென்றே அப்படிக் கணக்கிட்டிருந்தாள். வானிலை அறிக்கையைப்போல ஒரு லைனைச் சோதிக்க வேறொன்றும் கிடையாதாம். எல்லாம் திசையும் எண்ணும், ஊகித்து நிரப்ப முடியாது. பெட்டிக்கு ஒன்றரை நிமிடம். பையிலிருந்து மூன்று துண்டுச் சீட்டை எடுத்து வைத்தாள், பழைய டிக்கெட் அளவிலேயே வெட்டியவை. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் குனிந்து, துணியோடு இடது காதை ஒட்டி, கண்ணை மூடி, கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு கேட்டாள். யோசிக்கிற பெண்கள் எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறார்களே, அப்படித்தான் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை முடிந்தது. மூன்று சீட்டிலும் சேர்த்து, "வட" என்று ஒன்று எழுதியிருந்தாள். வடக்கா, வடகிழக்கா என்று தெரியவில்லை.

"மூணும் சரியில்லைங்க," என்றாள்.

வால்வுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரியில்லையா?"

"மூணும் ஒரே மாதிரி மங்கலா இருக்கு."

"அம்மா, நான் இந்த வேலைக்கு வந்து நாப்பது வருஷம். மங்கல்னு யாரும் சொன்னதில்ல." வீம்பு ஏறிவிட்டது மனிதருக்கு. "சனிக்கிழம வாங்க. மூணையும் பிரிச்சு, கண்டென்சர் எல்லாம் புதுசா போட்டு வெக்கறேன். அதுக்கப்பறமும் மங்கல்னா கடைய மூடிடறேன்."

சைக்கிள் கடையைத் தாண்டியதும், "அவரு ரேடியோ நல்லாத்தான் இருக்கும் அண்ணி," என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தாள், உரிக்கச் சொல்லாத வெங்காயத்தையெல்லாம்.

சனிக்கிழமை மறுபடி போனோம். வால்வுக்காரர் புதுமாப்பிள்ளை மாதிரி சலவைச் சட்டையில் நின்றார். மூன்று பெட்டிகளையும் மெழுகு போட்டுத் துடைத்திருந்தார். பின்னால் அந்த அம்மாள் வழக்கம்போல உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். உதடு அசைவது தெரிந்ததே தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று பத்து. மறுபடியும் குனிந்தாள், இடது காது, மூடிய கண், கன்னத்தில் கை. முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. ஐந்து நிமிடம் முடிந்ததும் வால்வுக்காரர் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். அவள் நிமிர்ந்து, கையைக் கன்னத்திலிருந்து எடுத்து, பென்சிலைப் பிடித்தாள். சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுத ஒன்றுமில்லை என்று அவள் தோளே சொன்னது. நாளை மறுநாள் திங்கட்கிழமை.

நான் கிளம்புவதற்குக் கைப்பையை எடுத்தபோது, அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நானூத்திப் பன்னண்ட ரெண்டு தடவ எண்ணிட்டீங்க."

இயந்திரம் நின்றது. வால்வுக்காரர் நடுங்கிப்போனார். அவர் கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாளை எண்ணும்போது யாரும் நிறுத்தியதில்லை. அம்மாள் கம்பியில் விரலை வைத்தபடி, விட்ட இடத்தை மனத்துக்குள் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

பிறகு மெல்ல எழுந்து, கம்பி நுனியை ஒரு ஆணியில் சுற்றிவிட்டு, மேஜைக்கு வந்தார். ட்ரங்க்காலின் வெறும் சீட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூஞ்சிய ஒட்டி வெச்ச ரேடியோ கேக்கல. நான் வாய்க்குள்ள முணுமுணுத்தது கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"எந்தக் காதுல கேட்டுச்சு?"

முப்பத்தொரு வருடத்தில், அதற்குப் பிறகான வருடங்களில், அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கூடவே இருக்கிற நான் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"நீங்க ரேடியோ கேக்கறப்ப இந்தக் கை எங்க இருந்துச்சு?" அம்மாள் அவள் வலது கையைத் தொட்டார். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எண்ணறவளுக்கு வாய்தான் வேலை, கண்ணு சும்மாத்தான் இருக்கும். ரெண்டு நாளும் வலது காத உள்ளங்கையால அடைச்சுக்கிட்டுதான் கேட்டீங்க."

ட்ரங்க்கால் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பக்கத்துல பதினஞ்சு பேரு கத்துவாங்க," என்றாள் மெதுவாக. "மூடிக்கலன்னா லைன் கேக்காது."

"இங்க யாரு கத்தறா?" என்றார் அம்மாள். "திரும்பி உக்காருங்க."

வால்வுக்காரர் அவளை ஸ்டூலோடு திருப்பினார். வலது காது பெட்டியைப் பார்த்தது. இரண்டு கையையும் மடியில் வைக்கச் சொன்னார்கள்; அந்த வலது கை இரண்டு தடவை எழும்பியது, இரண்டு தடவையும் நான் பிடித்துக் கீழே வைத்தேன். முதல் பெட்டியின் குமிழைத் திருகினார். வானிலை முடிந்து, தேனீ வளர்ப்பைப் பற்றி யாரோ ஒருவர் உரையாற்றிக்கொண்டிருந்தார்.

அவள் முகத்தில் வந்ததை எப்படி எழுதுவது? இருட்டு அறையில் வருடக்கணக்காகப் பூட்டி வைத்திருந்த சன்னலைத் திறந்தால் முதலில் கண் கூசும் அல்லவா? அவள் காது கூசி, தலையை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு அப்படியே சாய்ந்து கொடுத்தாள்.

"மூக்கடைப்பு," என்றாள்.

"யாருக்கு?" என்றேன்.

"தேனீக்காரருக்கு. ஜலதோஷம். பேப்பர வலது கையில வெச்சிருக்கார். நாற்காலி மர நாற்காலி, ஒரு கால் ஆடுது."

வால்வுக்காரர் நடுவில் இருந்த பெட்டியின் குமிழைத் திருகினார். அவள் கேட்டாள். மூன்றாவதைத் திருகினார். அதையும் கேட்டாள். மறுபடி முதலாவது. அன்று மங்கலாக, ஒரே மாதிரியாக இருந்த மூன்றும் இப்போது மூன்று மனிதர்களாகிவிட்டன அவளுக்கு.

"இந்தக் கடைசியில, ரெண்டு ஸ்பீக்கர்ல, அவரு குளிச்சுப் பவுடர் போட்டுக்கிட்டு வந்து பேசறாரு. அழகா இருக்கு, ஆனா அவரு இல்ல. இந்தப் பச்சைக் கண்ணு, குரல் சுத்தம். ஆனா வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல ஒன்னுமே இல்ல, தொடச்சு வெச்ச மாதிரி. மூத்ததுல" — அவள் விரல் அந்தக் கனத்த பெட்டியின் தோளில் இருந்தது — "இதுல மூச்சு இருக்கு. அடுத்த வார்த்தைய அவரு எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுது. அப்பறம், பின்னால ஒரு இரைச்சல் இருக்கே, அது ரேடியோவுல இருந்து வரல. அவரு தேனீப் பெட்டி ஒன்ன ஸ்டுடியோவுக்கே கொண்டு வந்துட்டாரு."

இரண்டு நிமிடம் கழித்து ரேடியோவில் அந்த மனிதர், "இதோ என் அருகில் இருக்கும் இந்தப் பெட்டியில்" என்று ஆரம்பித்தார். வால்வுக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி மட்டும் ஆச்சரியமில்லாமல், "நானூத்திப் பன்னண்டு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

எனக்கு யதார்த்தம் அதிகம். வாசலுக்கு வந்ததும் கேட்டேன்: "இப்பத்தான் காது சரியாயிடுச்சே. வீட்டு ரேடியோவுலயே கேட்டுக்கலாமே. எதுக்கு இந்தப் பெட்டி?"

அவள் உள்ளே திரும்பிப் போய் மூத்ததன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். என் கையையும் இழுத்து வைத்தாள். மரம் அதிர்ந்துகொண்டிருந்தது. தேனீக்காரரின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, தாழ்ந்த சொல் மணிக்கட்டில், உயர்ந்த சொல் விரல் நுனியில். மற்ற இரண்டு பெட்டிகளிலும் வைத்துப் பார்த்தேன். பலகை மெலிசு, பொதுவாக ஒரு கூச்சம் இருந்தது, சொல் இல்லை.

"ஒரு காது வேலை பாத்தே போயிடுச்சு அண்ணி. இதுவும் ஒருநாள் போகும். அப்ப கைய வெச்சுக் கேட்டுக்கறேன்."

பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டு, வாடகை வண்டியில் குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தோம். பிற்பாடு டாக்டரிடமும் தானாகவே போனாள். இடது காது முக்கால்வாசி தேய்ந்துவிட்டது என்றும், வலது காது இருபது வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியது என்றும் சொல்லி, அதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாராம். "மூடி வெச்சிருந்தேன்" என்றாளாம்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கே ரேடியோவைப் போட்டுவிட்டோம். கூடத்தில் மூன்று நாற்காலி. என் வீட்டுக்காரர், "அஞ்சு நிமிஷ மழைச் செய்திக்கு இவ்வளவு ஏற்பாடா?" என்று சொல்லிவிட்டு, தான்தான் முதலில் போய் உட்கார்ந்தார். ட்ரங்க்கால் வலது காதைப் பெட்டிக்குக் கொடுத்து, ஒரு கையைப் பெட்டியின் தோளில் வைத்து, மற்றொரு கையில் பென்சிலோடு இருந்தாள். நான் அவள் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று பத்து. ஒரு மூச்சு இழுக்கும் ஓசை. அப்புறம், "வணக்கம்."

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அது மூக்கு ஒழுக எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத குரலை எனக்குத் தெரியும். அந்தக் குரல் இப்போது ஐந்து மணி நேர ரயில் தூரத்தை ஒரு கணத்தில் கடந்து, ஐந்து தணல்களுக்குள் புகுந்து, மரத்தின் வழியாக அதன் தாயின் கைக்குள் வந்து இறங்கியது. காற்று வடமேற்கு, மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். கடலோரம் லேசான மழை. அலை இரண்டு மீட்டர் வரை. ட்ரங்க்கால் ஒரு சொல் விடாமல் டிக்கெட்டில் எழுதினாள். அந்த டிக்கெட் இன்றைக்கும் ரேடியோவின் அடியில் இருக்கிறது; வருகிறவர்களுக்கெல்லாம் நான் எடுத்துக் காட்டுகிறேன்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். ட்ரங்க்கால் போனை வலது காதில் வைத்துக்கொண்டாள். எப்படி இருந்தது என்று கேட்க மகளுக்குப் பயம்.

"பேப்பர் திருப்பறப்ப மூச்சப் பிடிச்சுக்கற," என்றாள் இவள். "திருப்பிட்டு மெதுவா விடு. மத்தபடி ஒரு கொறையும் இல்ல. ரெண்டாவது பக்கத்துல கண்ணாடி வளையல் மேஜையில இடிச்சுது. நாளைக்குக் கழட்டி வெச்சுட்டுப் போ."

மகள் அந்தப் பக்கம் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. ட்ரங்க்காலுக்குத் தெரிந்திருக்கும். நான் சமைத்து முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, முறைப்படி, சம்பந்தப்பட்டவளிடம் படித்துக் காட்டினேன். கூடத்தில் உட்கார்ந்து, வலது பக்கம் என்னைப் பார்க்கத் திரும்பி, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பாலைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை, பதினொரு எக்ஸ்சேஞ்சைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ரேடியோவுக்கு அடியிலிருந்து டிக்கெட்டை எடுத்து வந்து என் மூக்குக்கண்ணாடிக்கு நேரே நீட்டினாள்.

"இதுல என்ன கெழம போட்டிருக்கு, படிங்க. செவ்வாய். போன்ல மூச்சப் பத்திச் சொன்னதும் செவ்வாய்க்கெழமதான் அண்ணி. திங்கக்கெழம என் காதுல விழுந்தது அவ சொன்ன வணக்கம் மட்டும்தான். மிச்ச அஞ்சு நிமிஷமும் கையாலதான் கேட்டேன். என் வலது பக்கத்துல உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டே இருந்தது எந்தக் கல்லுன்னு, அதையும் எழுதுங்க."